குழியோரத்து உடும்பும் ஒற்றைக்கால் ஆராய்ச்சியும்

ஒரு காட்டில் சிங்கராஜாவுக்குத் தன் குகையில் விளக்குப் போட வேண்டும் என்று ஆசை வந்தது. அங்கே பிடித்தது சனி. நாலு மின்மினியைப் பிடித்து விட்டால் போதாதா என்று கேட்க அந்தச் சபையில் நாதியில்லை. அணு உலை கட்டினார்கள். விளக்கும் எரிந்தது. பொழுது சாய்ந்த பிறகும் ராஜா கண்ணாடி பார்த்துப் பிடரி சீவினார்.

எல்லாம் சரி. அடுப்பு என்றால் சாம்பல் இருக்குமே, அதை எங்கே கொட்டுவது? இது சாதாரணச் சாம்பலும் இல்லை. ஆறாத சாம்பல். எள்ளுப்பேரன் காலத்துக்கும் ஆறாது. அரண்மனைப் பக்கம் கொட்டினால் ராஜாவின் உடம்புக்கு ஆகாது என்று, காட்டின் தெற்கோரத்தில் குழி தோண்டிக் கொட்டினார்கள். தெற்கே இருந்ததுகளுக்கெல்லாம் இரும்பு உடம்பு என்று நினைப்பு.

அந்தக் குழியோரத்துப் புற்றில்தான் உடும்பு வெயிலாள் குடியிருந்தாள். போன பருவத்தில் அவள் இட்ட முட்டை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. ஒன்றை உடைத்துப் பார்த்தாள். உள்ளே... வேண்டாம், அதை விடுங்கள். இந்தப் பருவமும் வயிறு கனத்துவிட்டது. வேறு புற்றுக்குப் போவோம் என்றால் நல்ல புற்றுக்கெல்லாம் பாம்புகள் பட்டா வாங்கி வைத்திருந்தன. வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டே அரண்மனைக்குப் போனாள்.

"ராசா, என் பிள்ளைகளைக் காப்பாத்தும். அந்தக் குழியை அள்ளச் சொல்லும்."

ராஜா நிதி மந்திரியைப் பார்த்தார். நிதி மந்திரி மலைப்பாம்பு. வந்ததை விழுங்கிவிட்டு அசையாமல் கிடப்பதில் அதற்கு நிகர் இல்லை.

"அள்ளுகதுக்குப் பணம் கொடுக்க வழியில்லை. கஜானாவில அப்படி ஒரு தலைப்பே கிடையாது" என்றது மலைப்பாம்பு.

"பெறவு என்னதான் இருக்கு?" என்றாள் வெயிலாள்.

"எப்படி அள்ளலாம்னு ஆராய்ச்சி பண்ணுகதுக்கு இருக்கு. அது தாராளமா இருக்கு."

"வீடு பத்தி எரியுது, தண்ணி ஊத்துங்கன்னா, ஊத்துகது எப்படின்னு படிச்சிட்டு வாரோங்கீரு!"

"பாத்தீரா ராசா, பாமர சனத்துக்கே படிப்போட அருமை தெரியுது" என்றது மலைப்பாம்பு. சபை கைதட்டியது. வெயிலாளின் மனு பலித்துவிட்டது.

அணுக்கழிவு அகற்றும் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், குழியிலிருந்து நல்ல தூரம் தள்ளி, அரண்மனை மலைமேல் காற்றோட்டமாக எழும்பியது. அதற்கு இயக்குநர் கொக்கு தவசிமுத்து. ஒற்றைக்காலில் கண்ணை மூடி அவர் நின்ற தோரணையைப் பார்த்தே, விஞ்ஞானி இவர்தான் என்று ராஜா முடிவு கட்டிவிட்டார்.

கஜானாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இலை உதிர்வதற்குள் செலவழியாத பணம் திரும்பிப் போய்விடும். போனால் அடுத்த வருஷம் குறைத்துத்தான் வரும். அதனால் இலை பழுத்தால் நிலையத்தில் கொடைவிழாதான். தோரணவாயில் கட்டினார்கள். அது நல்லாயில்லை என்று இடித்துவிட்டு இன்னொன்று கட்டினார்கள். கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்று வாங்கினார்கள். அதைக் குழிக்கரைக்குக் கொண்டுபோய்க் கருத்தரங்கு வைத்தால், கருவி ஓயாமல் கிர்ர் கிர்ர் என்று கத்தி, வந்த அறிஞர்களை உறங்க விடவில்லை. பேட்டரியைக் கழற்றினார்கள். "சத்தம் முழுவதும் கட்டுக்குள் வந்தது" என்று அறிக்கை போனது. தவசிமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கழுத்துக்குச் சுற்றவே அது பத்தவில்லை.

அந்த நிலையத்தில் ஒரேயொரு கோளாறு. கீரி நயினார் என்றொருவர் நிஜமாகவே ஆராய்ச்சி பண்ணினார்.

கழிவை மணலோடு சேர்த்து உருக்கி, கண்ணாடிக் கட்டியாக வார்த்து, ஈரம் படாத பாறைக்கு அடியில் இறக்கிவிட்டால் கசியாது என்பது அவர் கணக்கு. ஒரு பானைக் கழிவில் செய்து பார்த்தார். கசியவில்லை. நேரே வெயிலாளிடம் ஓடினார்.

"மதினி, வழி கிடைச்சிட்டு! வார மழைக்குள்ள குழியை வழிச்செடுத்திருவேன்."

வெயிலாளுக்குக் கண் கலங்கியது. "நீரு நல்லாயிருக்கணும் கொழுந்தனாரே. என் பிள்ளைக்கு உம்ம பேருதான்."

அதோடு நின்றிருக்கலாம். மனுஷன், சே, கீரி, அதே வேகத்தில் போய் இயக்குநரிடமும் சொன்னார். தவசிமுத்து தூக்கி வைத்திருந்த இன்னொரு காலையும் அன்றைக்குத்தான் தரையில் ஊன்றினார்.

"முடிச்சிட்டேங்கீரு. முடிஞ்சா பெறவு நமக்கு என்னவே சோலி?"

"கழிவு போயிருமே அண்ணாச்சி."

"கழிவு மட்டுமா போகும்? நிலையம் போகும். வண்டி போகும். சாயங்காலத்து வடை போகும். இலை பழுக்கிற நேரத்துல எவனாவது கண்டுபிடிப்பானாவே? கூறு வேண்டாம்?"

மறுநாள் தவசிமுத்து ஒரு முறம் நிறையக் கரையானோடு வெயிலாளின் புற்றுக்கு வந்தார். "தாயி, உன் கஷ்டத்தை நெனச்சா எனக்குத் தொண்டையில மீன் இறங்கலை. உன்னை ஆலோசகராப் போட்டிருக்கேன். மலைமேல புதுப் புத்து. சலிச்ச மணல். நிலையம் இருக்கும்வரை நீ இருந்துக்கோ."

அந்தப் பருவத்து முட்டையும் பாழாகி, அடுத்த பருவத்துக்கு வயிறு இறங்கிக் கிடக்கிற நேரம். யோசிக்கத் தோன்றுமா? வெயிலாள் போனாள். போன கையோடு அந்தச் சலித்த மணலில் முட்டையும் இட்டாள். அவள் விட்டுவந்த புற்றில் ஒரு முள்ளெலிப் பெண் குடியேறினாள். அவளும் பிள்ளைத்தாய்ச்சிதான்.

அப்புறம் நயினாரின் திட்டம் குழுவுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் சார்பில் ஆலோசகர் கை தூக்கினால்தான் திட்டம் செல்லும் என்று விதி. நியாயமான விதி. எல்லாரும் வெயிலாளைப் பார்த்தார்கள். தவசிமுத்து அவள் காதோரம் குனிந்தார்.

"தூக்கு தாயி, தாராளமாத் தூக்கு. குழி சுத்தமானா நிலையத்தை மூடிருவோம். அன்னைக்கே புத்தையும் காலி பண்ணணும். முட்டையை நீ எடுத்துட்டுப் போ. இடம் மாத்திப் புரட்டின முட்டை பொரிக்குமா பொரிக்காதான்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

அவளுக்குத் தெரியும்.

"மதினி, கையைத் தூக்கும்" என்றார் நயினார். "அந்தப் பழைய புத்துல இப்ப ஒரு முள்ளெலிப் பொண்ணு இருக்கா."

"அதுவும் தெரியும் கொழுந்தனாரே."

உடும்பின் பிடியைப் பற்றி ஊரே பேசும். அன்றைக்கு அவள் இரண்டு முன்னங்காலாலும் தரையைப் பிடித்த பிடியில் நகம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கை மேலே வரவில்லை. "மேலும் ஆராய வேண்டும்" என்று தீர்மானம் எழுதி, வடை கொடுத்தார்கள்.

நயினாருக்கு விருது கொடுத்து, கழிவே இல்லாத ஒரு காட்டுக்கு மாற்றல் போட்டார்கள். போகிறபோது வெயிலாளிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அவள் புற்றை விட்டு வெளியே வரவில்லை. ஆராய்ச்சிக்குக் கழிவு பத்தாமல் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ராஜா இன்னொரு உலைக்கு அடிக்கல் நாட்டினார்.

முட்டைகள் பொரித்தன. ஒன்றுகூடப் பழுதில்லை. வால், நகம், நாக்கு எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன. அந்தி மயங்குகிற நேரத்தில் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறி நின்று தெற்கே பார்த்தன. தூரத்தில் குழி பச்சையாக மினுங்கிக்கொண்டு இருந்தது.

"அம்மா, அது என்னம்மா? அழகா இருக்கு!"

வெயிலாள் குஞ்சுகளை முதுகிலிருந்து இறக்கி வரிசையாக நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள்:

"கையெடுத்துக் கும்பிட்டுக்கோங்க. அதுதான் நமக்குச் சோறு போடுது."

நீதி: குப்பை வீட்டுப் பக்கம் இருக்கும்வரை மனுக் கொடுத்துக்கொண்டே இரு, மனு பலித்துவிட்டால், குப்பைக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்.