க்ஷேமம் என்ற வரியை விட்டுவிட்டேன்

பொன்னேரி
8-1-1972

திருவள்ளூர் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம் செய்யும் அண்ணா எம்பாரின் திருவடிகளில் தங்கை கோதைநாயகி விழுந்து சேவித்து எழுதிக்கொள்வது. (விழவில்லை. விழுந்தால் எழுந்திருக்க முழங்கால் இடம் தராது. மனசால் சேவித்ததாக எடுத்துக்கொள்ளவும்.)

அடுத்த வரியில் 'இவ்விடம் க்ஷேமம்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதவில்லை. போன தடவை அப்படி எழுதிவிட்டு, கீழே மூட்டுவலி, தலைசுற்றல், காதில் இரைச்சல் என்று எழுதப்போக, 'க்ஷேமம் என்று நீயே எழுதியிருக்கிறாயே, அப்புறம் என்ன?' என்று தாங்கள் பதில் போட்டீர்கள்.

இப்போது வந்த கடிதம் அதற்கும் மேல். 'எல்லோருக்கும்தான் உடம்பு வலிக்கிறது, யார் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்? தை அமாவாசைக்கு நீயே நேரில் வந்து, வியாதி கரையட்டும் என்று வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரை. வராவிட்டால் இனிமேல் வியாதியைப் பற்றி எனக்கு எழுதாதே' என்று உத்தரவு. இதைப் படித்துவிட்டு ஒரு பொழுது சாப்பிடவில்லை, அண்ணா. சொல்லிக்கொள்ள எனக்கு வேறே யார் இருக்கா?

அகத்துக்காரர் ரைஸ் மில்லிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், "இன்னிக்கு எது?" என்பார், நான் சொல்வதற்குள் பேப்பரைப் பிரித்துவிடுவார். பட்டணத்து டாக்டர் ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார், எல்லாம் நார்மல் என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார், நார்மல் என்று கேட்டு ஒருத்தி அழுததை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். தயிர் கொண்டுவரும் செங்கம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "இன்னா அய்ரம்மா, பாக்கசொல்ல நல்லா கல்லுகுண்டாட்டம் கீற, எப்ப வந்தாலும் படுத்துக்கினே கீறியே, இன்னா நோவுதான் உனுக்கு?" என்கிறாள். காலை ஒடித்துக்கொண்டிருந்தால் கட்டைக் காட்டலாம். அம்மை போட்டிருந்தால் தழும்பைக் காட்டலாம். எனக்குக் காட்ட என்ன இருக்கு?

வெள்ளித் தகடு விஷயத்தில் என்மேல் கோபப்படுவது நியாயமில்லை. நோய் உள்ள உறுப்பைத் தகடாக வாங்கி உண்டியலில் சேர்த்தால் பெருமாள் பார்த்துப்பார் என்று ஆரம்பித்ததே தாங்கள்தான். முட்டி வலிக்கிறது என்று எழுதினேன், கால் தகடு சேர்த்தீர்கள். அந்த வாரமே வலி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. கை தகடு சேர்ப்பதற்குள் வயிறு. வயிற்றுக்கு வாங்குவதற்குள் கால் திரும்பி வந்துவிட்டது. தகட்டுக் கடைக் கலியன், "இன்னா சாமி, தங்கச்சிக்கு இன்னும் எந்த பார்ட்டு பாக்கி? பேசாம முழு ஆளா ஒண்ணு வாங்கிப் போட்டுடு, பேஜாரு ஒழியும்" என்று கடைவீதியில் சிரித்தானென்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டுமே. தலைசுற்றலுக்கு அவன் கடையில் தகடு உண்டா? விரல் மரத்துப்போவதற்கு? காலையில் எழுந்து தலை வாரிக்கொண்டதற்கே மறுபடி படுக்கணும் போல ஒரு அசதி வருகிறதே, அது எந்த உறுப்பு, கேட்டுச் சொல்லு. (தாங்கள் எப்போது நீ ஆனாய் என்று தெரியவில்லை. கோபத்தில் வந்துவிட்டது.)

ஆகையால் அமாவாசைக்கு நான் வருவதற்கில்லை. பேசின்பிரிட்ஜில் வண்டி மாற மேம்பாலம் ஏறணும். போன தடவை பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன், பார்க்க நன்றாக இருக்கிறவள் வழியை மறித்து உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருத்தன் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். நம்பினால் நம்பு. எழுதாதே என்றாயே, இதுதான் கடைசி.

மன்னி பூமாவுக்கு என் அன்பு. பெருமாள் உங்கள் எல்லோரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒரு குடும்பத்துக்கு என் ஒருத்தி உடம்பு போதும்.

இப்படிக்கு,
கோதை

பி.கு. கவரை ஒட்டப்போகும்போது மன்னியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நான் எழுதினதா சொல்லாதே என்று பென்சிலில் எழுதியிருக்கிறாள். சொல்லப்போகிறேன்.

முந்தாநாள் உன் கையிலிருந்து புளியோதரை அண்டா நழுவிவிட்டதாம். ரெண்டு வருஷமாக உனக்கும் விரல் மரத்துப்போகிறதாம், முட்டி வீங்குகிறதாம். வெளியே தெரிந்தால் மடைப்பள்ளி முறை கைமாறிவிடும் என்று மூச்சு விடவில்லையாம். மன்னிக்கே கலியன் சொல்லித்தான் தெரிந்ததாம். "சாமி எது வாங்கினாலும் ரெண்டு ரெண்டா வாங்கினு போறாரே, ஒண்ணு தங்கச்சிக்கு, இன்னொண்ணு யாருக்கும்மா?" என்று கேட்டானாம்.

நான் வருகிறேன். மேம்பாலத்தில் பத்து தரம் உட்கார்ந்தாலும் சரி. வெல்லம் வாங்கி வைக்காதே, ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே கொண்டுவருகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடிக்கவில்லை, கை வலிக்க எழுதியது, வீணாவானேன்?

பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துக் கடிதத்திலும் முதல் வரி 'இவ்விடம் க்ஷேமம்'. ஏன் அண்ணா, எனக்குக்கூடவா?