சின்னத்தம்பி காலமாகிவிட்டார்

எல்லா விதிமுறைகளையும் தெரிந்து வைத்திருப்பவனிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நிற்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஆள் நான்தான். ஊரில் அரசாங்கக் கந்தோரில் இருபது வருடம் லிகிதராக எழுத்துவேலை பார்த்தவன். எந்தப் படிவத்தை எத்தனை பிரதியில் நிரப்புவது என்று மேலதிகாரியே என்னைத்தான் கேட்பார் (அவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்).

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் வந்து இறங்கினோம். குடிவரவுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம். எங்களுக்கு அது ஏது? தகப்பன் பெயர், பிறகு தன் பெயர், அவ்வளவுதான். நான் சின்னத்தம்பி கந்தசாமி. ஆகவே அப்பாவின் பெயரை எழுதினேன். அதிகாரி அதையே மனைவிக்கும் மகள் தாரணிக்கும் போட்டுவிட்டார். இருவரையும் கண்ணால்கூடக் காணாமல் போய்ச் சேர்ந்த என் அப்பா, ஒரே முத்திரையில் மூன்று பேரின் தலையிலும் ஏறி உட்கார்ந்தார்.

வெக்ஸ்போர்ட்டில் வாடகை வீடு. தாரணிக்கு ஒன்பது வயது. மூன்று மாதமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் தனியே இருந்துதான் சாப்பிட்டாள். ஒருநாள் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"மிஸ்டர் சின்னத்தம்பியோடு பேசலாமா?"

பிழையான தகவல் கொடுப்பது எங்கள் கந்தோரில் குற்றம். "அவர் காலமாகிவிட்டார்" என்றேன்.

"ஐயோ! அதுதான் பிள்ளை இப்படி இருக்கிறாள். உங்கள் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்." போனை வைத்துவிட்டார்.

"ஆரப்பா போனில?" என்றாள் மனைவி.

"தெரியாது. அப்பா செத்ததுக்குத் துக்கம் விசாரிக்கினம்."

"இருவது வருசம் கழிச்சோ?"

(என்ன பண்பான நாடு என்று நான் நினைத்தேன்.)

அடுத்த வாரம் தாரணியின் புத்தகப்பையில் ஒரு கார்ட் இருந்தது. வெள்ளைப் பூப் படம், வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் கையொப்பம்: 'உன் அப்பாவின் மறைவுக்கு வருந்துகிறோம்.' மனைவி கார்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தாலியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கே போய் உயிரோட இருக்கிறன் எண்டு எழுதிக் குடுத்திட்டு வாங்கோ!"

தாரணி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "போகாதேங்கோ, அப்பா."

"ஏன் பிள்ளை?"

"ஜெனிபர் இப்ப என்னோட இருந்துதான் சாப்பிடுறாள். நீங்கள் சாகேல்லை எண்டு தெரிஞ்சா எழும்பிப் போயிடுவாள்."

ஒரு நல்ல தகப்பன் அந்த இடத்தில் செத்தவனாகவே இருந்திருப்பான். நானோ லிகிதர். பதிவில் பிழை கிடக்க விடலாமா?

மறுநாள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, என் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் மரணச் சான்றிதழ், இரண்டிலும் மும்மூன்று பிரதிகளோடு பள்ளிக்கூடம் போனேன். போனில் பேசிய ரீச்சர் என்னைக் கண்டு கதிரையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பிள்ளைகளுக்கு நீங்களே விளக்குங்கள் என்று வகுப்புக்குள் விட்டார். விளக்கினேன். சின்னத்தம்பி என்றால் சின்ன இளைய சகோதரர். ஆனால் என் அப்பா ஏழு பேரில் மூத்தவர். ஏன் அந்தப் பெயர் என்று எவருக்கும் தெரியாது. ரொறன்ரோ தொலைபேசிப் புத்தகத்தில் அரைப் பத்தி நிறையச் சின்னத்தம்பிகள். ஒருவர்கூட எனக்குச் சொந்தமில்லை. ஒவ்வொருவரும் வேறு யாரோ ஒருவரின் அப்பா.

தாரணி மேசையில் முகத்தைப் புதைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த செம்பட்டைத் தலைச் சிறுமி எழுந்தாள். ஜெனிபர்தான். எழும்பிப் போகப் போகிறாள். என் மகளுக்கிருந்த ஒரே சிநேகிதத்தை மூன்று பிரதிகளில் கொன்றுவிட்டேன்.

"என் அப்பா பெயர் பொப். அப்படியென்றால் நான் ஜெனிபர் பொப்பா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவனவன் தகப்பன் பெயரைக் கத்தினான். அந்த இரைச்சலுக்குள் தாரணி தலையை நிமிர்த்தி, அந்த வகுப்பில் தன் முதல் வசனத்தைச் சொன்னாள்:

"பிழை. அப்பா பெயர்தான் முதலில் வரவேண்டும். பொப் ஜெனிபர்!"

என் மகள்தான். அதற்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

அன்றும் ஜெனிபர் அவளோடுதான் சாப்பிட்டாள். இப்போது மார்க்கம் நகரில் குடும்பமாக இருக்கிறாள். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் போன் வரும். தாரணி எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, அப்பப்பாவுக்குப் போன்!" என்று கூப்பிடுவாள்.

"மிஸ்டர் சின்னத்தம்பி இருக்கிறாரா?"

"காலமாகிவிட்டார்."

"ஆழ்ந்த அனுதாபங்கள். பிறந்தநாள் வாழ்த்துகள், அங்கிள். பொப் ஜெனிபர் பேசுகிறேன்."

மனைவி மட்டும் இன்னும் சிரிப்பதில்லை. குசினி அடுப்படியில் நின்றபடி தாலியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.