காளானுக்கு ஒரு கையெழுத்து

இந்த வீட்டில் இனி எனக்கும் கொஞ்சம் மரியாதை இருக்கவேண்டும் என்று நான் முடிவெடுத்தது ஒரு மீனால்.

மீனைப் பிடித்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். பஸ் ஓட்டுகிறவர். போன மாதம் ஏரியில் தூண்டில் போட்டுப் பிடித்து, நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு அது என் முழங்கை நீளம் இருந்தது. இப்போது என் மனைவி சொல்லும்போது மச்சானின் பஸ் நீளம் இருக்கிறது. நான் பத்தொன்பது வருடமாகக் கடையிலிருந்து தூக்கிவந்த பைகளைப் பற்றி யாரும் இப்படிப் பேசியதில்லை.

ஆகவே நானும் இயற்கையிலிருந்து எதையாவது கொண்டுவருவது என்று தீர்மானித்தேன். மீன் ஓடும். முயல் அதைவிட ஓடும். காளான் நின்ற இடத்தில் நிற்கும். என் உடம்புக்கு அதுதான் தோது.

தவிர, பார்த்துத் தரம் பிரிப்பது என் தொழில். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் நான் தரச் சோதனைக்காரன். பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கி, கீறல் உண்டா, குமிழி உண்டா, கழுத்து கோணலா என்று பார்ப்பேன். எல்லாம் சரி என்றால், பெட்டியோடு போகும் சீட்டில் ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். நான் கையெழுத்துப் போட்ட பெட்டி ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. சந்தேகம் என்று வந்துவிட்டால், முதலாளியே எதிரில் வந்து நின்றாலும் பேனாவைத் திறக்கமாட்டேன். தொழிற்சாலையில் எனக்குப் பட்டப்பெயர் ‘மூடி’. பேனா மூடியைத்தான் சொல்கிறார்கள் என்று நம்புகிறேன்.

புதன்கிழமை வீட்டில் அறிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வருகிறார், அன்றைக்குக் காட்டுக் காளான், பறிக்கப்போவது நான். என் மனைவி முன்னறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குத் துணி தைப்பவள் அவள். வாயில் நாலு குண்டூசி இருந்தது. குண்டூசி இருக்கும் நேரம் பார்த்து முக்கியமான விஷயங்களைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். பிறகு, “சரிங்க” என்றாள்.

நான் ஏழெட்டுப் பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லை. கல்யாணமான நாளாக இந்த ‘சரிங்க’ வந்த சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை விரலும் சூடு பட்ட விரல்.

நூலகத்திலிருந்து காளான் புத்தகம் ஒன்று எடுத்துவந்தேன். படங்களை எல்லாம் கவனமாகப் பார்த்தேன். எழுத்து பொடியாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். அவள்தான் பட்டன் தைத்த நேரம் போக மீதி நேரத்தில் அதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மழை விட்டதும் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள தோப்புக்குப் போனேன். மரத்தடியில் வெள்ளை வெளேரென்று பதினாலு காளான். குடை விரித்திருந்தது. தண்டில் மெல்லிய வளையம். முப்பத்திரண்டாம் பக்கத்தில் படத்தில் பார்த்த அதே நல்ல காளான். கையோடு கொண்டுபோன கத்தரிக்கோலால் தண்டுகளை மண் ஒட்டாமல், ஒரே மட்டமாக நறுக்கி எடுத்தேன்.

கூடையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. “ஏங்க, இது நான் துணி வெட்டுற கத்தரிக்கோலா?” என்றாள். விஷம், சாவு என்று எதுவும் அவளைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை.

புத்தகத்தில் ஒரு சோதனை இருந்தது. அதற்குப் படம் இருந்ததால் நானே கண்டுபிடித்தேன். காளானின் தொப்பியைத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் மூடி வைத்தால் தூள் உதிரும். தூளின் நிறத்தை வைத்து இனத்தைச் சொல்லலாம். வெள்ளைத் தாளில் ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் தாளில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. தூளே இல்லாத சுத்தமான காளான் என்று வீட்டில் அறிவித்தேன்.

பத்து மணிக்கு அவள் அடுப்படியில் ஒரு தாளை நீட்டினாள். துணி அளவு எழுதும் நோட்டிலிருந்து கிழித்தது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள்.

“என்ன இது?”

“சீட்டு. உங்க ஃபாக்டரியில பெட்டியோட போகுமே, அது மாதிரி. சமைக்கிறவளுக்கு ஒரு சீட்டு வேணாமா?”

எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. பேனாவைத் திறந்தேன்.

“தொப்பிக்கு அடியில மடிப்பு என்ன நிறம்?”

“வெள்ளை.”

“புத்தகத்துல அந்த நல்ல காளானுக்கு?”

புரட்டிப் பார்த்தேன். ரோஸ், முற்றினால் பழுப்பு என்று இருந்தது. இது வெயில் படாமல் வெளுத்திருக்கும் என்றேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

“தண்டோட அடியில கிண்ணம் மாதிரி உறை இருக்கான்னு தோண்டிப் பார்க்கணுமாம். இருந்தா விஷமாம். இருந்துச்சா?”

“அடி தோப்புலயே இருக்கு.”

“ஏன்?”

“மட்டமா நறுக்கிட்டேன்.”

“என் கத்தரிக்கோலால” என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினாள்.

“பூச்சி அரிச்சிருக்கு பாரு” என்றேன். “பூச்சி சாப்பிடுதுன்னா நாமளும் சாப்பிடலாம்.”

“பூச்சி சாணியையும்தாங்க சாப்பிடுது. சமைக்கட்டுமா?”

அடுத்து என்னை முன்னறைக்குக் கூட்டிப்போய், மிஷின் மேல் கவிழ்த்திருந்த ஒரு டம்ளரைத் தூக்கினாள். அடியில் கறுப்பு லைனிங் துணி. அதன்மேல் நான் கொண்டுவந்த காளான் ஒன்று. அதை எடுத்ததும், துணியில் வட்டமாக, மாவு தூவினதுபோல வெள்ளைத் தூள்.

“நல்ல காளானுக்குத் தூள் பழுப்பா இருக்குமாம். வெள்ளைத் தாள்ல வெள்ளைத் தூள் எப்படிங்க தெரியும்?”

பாட்டிலை எதற்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும் என்று புது ஆட்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். எனக்கு ரொம்பக் கூச்சமாக இருந்தது.

சீட்டில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. ‘சாப்பிடுகிறவர்கள்.’ மச்சான், அவள், நான். நாலாவதாக எங்கள் பெண். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தன் பெயரைத் தானே எழுதியிருந்தாள், கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழிந்த எழுத்தில். அதற்குக் கீழே ‘சோதித்தவர்’.

பேனா தாளைத் தொடவில்லை. மூடியைப் போட்டு மூடினேன். “வேண்டாம், கொட்டிடலாம்” என்றேன்.

“நீங்க போட மாட்டீங்கன்னு தெரியும்” என்றாள். குரலில் கிண்டல் இல்லை. “சந்தேகம்னா போட மாட்டீங்க. அந்த நம்பிக்கையிலதான் உங்களைத் தோப்புக்கே விட்டேன்.”

நான் கூடையோடு கொல்லைப்பக்கம் போனேன். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். கையை மூன்று முறை கழுவினேன். கத்தரிக்கோலை ஏழு முறை. இவளைக் கட்டிக்கொண்டதற்காக எனக்கே ஒரு நற்சான்றிதழ் கொடுக்கலாம் என்று தோன்றியது.

மச்சான் வந்ததும் வராததுமாக, “எங்க மாப்ளே காளான்?” என்றார். நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள். சமைத்தே தீருவது என்று தான்தான் நின்றதாகவும், நான்தான் தடுத்துவிட்டதாகவும் சொன்னாள். மடிப்பின் நிறம், அடி உறை, கறுப்புத் துணி என்று எல்லாவற்றையும் என் கணக்கில் அடுக்கினாள். மச்சான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் மெல்ல நிமிர்ந்தேன். வெள்ளைத் தூளை வெள்ளைத் தாளில் தேடுகிற முட்டாள்களும் உலகத்தில் இருக்கிறார்கள் மச்சான் என்று சொல்லும் அளவுக்கு நிமிர்ந்துவிட்டேன்.

“இவ்வளவு கூர்மையான கண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டு, அரிசியில கல் பொறுக்குறதும் கீரை ஆயறதும் நான் செய்யறது நியாயமாண்ணா?” என்றாள்.

நியாயமே இல்லை என்றார் மச்சான். நிமிர்ந்த வேகத்தில் நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

அவள் மிஷின் டிராயரைத் திறந்து இன்னொரு சீட்டை எடுத்தாள். தினமும் அரிசி, பருப்பு, கீரை. சோதிப்பவர் என்று என் பெயர். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லாததால் பேனாவைத் திறந்து அழகாகக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் அடியில் ‘சாட்சி’ என்று ஒரு வரி இருப்பதைக் கவனித்தேன். நான் தோப்புக்குப் போனது சனிக்கிழமை. மச்சான் அதில் சாட்சிக் கையெழுத்துக்குக் கீழே போட்டிருந்த தேதி, அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை.