கூட்டுப் பட்டாவில் ஒரு கையெழுத்து

இராஜபாளையம்,
புரட்டாசி 20.

மதிப்பிற்குரிய மச்சான் ராஜரத்தினம் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை அழகுத்தாயின் கணவன் தனுஷ்கோடி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அழகு, மகள் பாண்டிசெல்வி மூவரும் சுகம். ஆலங்குளத்தில் தாங்களும் அக்காவும் கௌதம்ராஜும் அவன் சம்சாரமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மூன்று வருடமாகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்டது கேட்டதுதான்.

கௌதம்ராஜ் கல்யாணப் பந்தியில் நடந்ததைத் தங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் நினைவுபடுத்துகிறேன். தங்கள் அப்பா வைத்துவிட்டுப் போன ஒரு ஏக்கர் அறுபது சென்ட் கரிசல் காட்டை, அதாவது தங்கள் பேரிலும் அழகு பேரிலும் கூட்டுப் பட்டாவாக இருப்பதை, கல் ஊன்றி பிளாட் போட்டு விற்றுவிடலாம் என்று தாங்கள் சொன்னீர்கள். நான் விவசாயம் பார்க்கப்போகிறேன் என்றேன். "மில்லுல நூல் சுத்துனவன் காட்டுல என்னத்தலே சுத்துவ? மூணு ஐப்பசி தாரேன். அதுக்குள்ள விதையப் போட்டுக் காட்டு, பிளாட்டுங்கிற வார்த்தையே என் வாயில வராது. இல்லன்னா அழகு பேசாமக் கையெழுத்துப் போடணும்" என்று இரண்டாம் பந்திக்கே கேட்கும்படி சொன்னீர்கள். நான் பாயசம் வாங்காமல் எழுந்துவிட்டேன். அன்றைக்கு நல்ல பாயசம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதல் ஐப்பசி எனக்கு இன்னும் ரிட்டயர்மெண்ட் ஆகவில்லை. இரண்டாம் ஐப்பசி முழுக்க வேலிக்கருவையைப் பிடுங்கியே போய்விட்டது. இது மூன்றாவது. ஆகவே இந்த வருடம் முறைப்படி இறங்கினேன். விதைப்புக்கு முன்னால் சிறு, குறு விவசாயிகளுக்கு மக்காச்சோள விதை, உயிர் உரம், நுண்ணூட்டம் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகப் பாதி விலைக்கு அரசாங்கம் கொடுக்கிறது, புரட்டாசி முப்பதுக்குள் பதிய வேண்டும் என்று செய்தி வந்தது. மறுநாளே கிளம்பிவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் காலை ஷிப்ட் பார்த்த உடம்பு, ஆறே முக்காலுக்கு டிபன் பாக்ஸோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வேளாண்மை ஆபீஸ் வாசலில் போய் நின்றுவிட்டது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த இருளம்மாள் என்ற அம்மாள், "ஐயா, ஆபீஸு பத்து மணிக்குத்தான்" என்றார். நான் பரவாயில்லை என்றேன். "நீங்க புதுசா வந்திருக்கிற வாட்ச்மேனா?" என்றார். விவசாயி என்றேன். அவர் என் பாலிஷ் போட்ட ஷூவைப் பார்த்துவிட்டு அதைச் சுற்றிக் கூட்ட ஆரம்பித்தார்.

அங்கே காளீஸ்வரி என்று ஒரு பெண் அதிகாரி. நம் பாண்டிசெல்வி வயதுதான் இருக்கும், தங்கமான பிள்ளை. முதலில் காட்டு மண்ணை எடுத்துக்கொண்டு வாருங்கள், பரிசோதனை பண்ணித்தான் என்ன போடலாம் என்று சொல்ல முடியும் என்றது. இங்கேதான் மச்சான், எனக்குப் புத்தி கெட்டுப்போனது. அரசாங்கத்துக்கு மண் கொண்டுபோகிறோம், நம் காட்டில் போய்க் கண்ட இடத்தில் தோண்டி, கல்லும் கருவை வேருமாக எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது? பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் பிள்ளையை அழுக்குப் பாவாடையோடா உட்கார வைப்போம்? பக்கத்துக் காட்டுப் பால்ச்சாமி போன மாதம்தான் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். மூன்று ராத்திரி இருநூறு ஆடு படுத்த மண், கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது. அவரிடம் கேட்டு இரண்டு கிலோ அள்ளிக்கொண்டேன். "எங்காட்டு மண்ணு உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். ஆபீஸில் காட்ட என்றேன். "அப்ப விதையும் என் காட்டுக்குத்தான் தருவாக" என்று சிரித்தார். அந்த மனுஷன் விளையாட்டாய்ச் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழகு சப்பாத்தி மாவு சலிக்கிற சல்லடையில் சலித்தேன். அதற்காக அவள் பேசிய பேச்சை இங்கே எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார்.

மண்ணைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தது காளீஸ்வரி. வீட்டில் துணிக்கா பஞ்சம்? பாண்டிசெல்வி பாண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், கழிவுத் துணி சுருள் சுருளாகக் கிடக்கிறது. அதில் ஒரு மூன்றடி கிழித்து மண்ணைக் கட்டி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காயத்துக்குக் காற்றுப் போகவேண்டும் என்றுதானே அந்தத் துணியை அப்படி ஓட்டை ஓட்டையாக நெய்கிறான். சலித்த மண்ணுக்கு அது வாசற்கதவு மாதிரி. பாதி வழியில் என் மடி, சீட்டு, முன்சீட்டில் இருந்த ஆசாமியின் வேட்டி நுனி, எல்லாம் கரிசல். கண்டக்டர் வேல்பாண்டி வந்து, "பெரியவரே, டிக்கெட்டு உங்களுக்கு மட்டுந்தான எடுத்தீக, காட்டுக்கு எடுக்கலையே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்குவதற்குள் அவன் கொடுத்த பழைய பேப்பரால் அந்தப் பஸ்ஸை நான்தான் கூட்டினேன். ஆபீஸ் வாசலில் அவிழ்த்துப் பார்த்தால் ஒரு கை மண்தான் மிச்சம். அரைக் கிலோ வேண்டுமாம். வாசல் ஓரத்தில் வரிசையாகப் பூந்தொட்டி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. நான் என்ன செய்திருப்பேன் என்று தாங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். காளீஸ்வரி முடிவுக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. பொறவு, "ஐயா, உங்க காடு கரிசலா, செம்மண்ணா?" என்றது. கரிசல் என்றேன். "இதுல ரெண்டும் இருக்கு. தழைச்சத்து, மணிச்சத்து எல்லாமே எம்புட்டோ இருக்கு. இந்த மண்ணுக்கு நாங்க குடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்கதான் எங்களுக்குக் குடுக்கணும்." எனக்கு ஒரே பெருமை, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த நாலாவது தொட்டி ரோசாச்செடி ஏன் வாடிருச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றது. மச்சான், மில்லில் மேனேஜர் முன்னால்கூட நான் தலை குனிந்ததில்லை. அன்றைக்குக் குனிந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மண்ணு மோசமா இருந்தாத்தான் ஐயா நாங்க ஒதவ முடியும். நல்லா இருக்கிறதக் காட்டுனா நாங்க எதுக்கு?" என்று சொல்லி, எப்படிக் குழி வெட்டணும், எத்தனை இடத்தில் எடுக்கணும் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டியது. அடுத்த நாளே நம் சொந்தக் காட்டு மண்ணை, கல்லோடும் வேரோடும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரிசோதனையில் சத்தே இல்லை என்று வந்தது. இம்புட்டு மோசமான மண்ணை எங்கள் மாமனார் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீக? நானும் அப்படித்தான் நினைச்சேன். கம்ப்யூட்டரில் பதியும்போது, கூட்டுப் பட்டா, அதனால் இன்னொரு பட்டாதாரர் சம்மதம் வேண்டும் என்று வந்துவிட்டது. அழகு கையெழுத்துப் போட்டாயிற்று. இன்னொருவர் யார்? தாங்கள். இந்த விதை வந்தால் தோற்கப்போவது யார்? அதுவும் தாங்கள். ஊர் உலகத்தில் இப்படி ஒரு கூத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, பந்தயத்தில் எதிராளி வந்து கையெழுத்துப் போட்டால்தான் நான் ஓடவே முடியும் என்கிறார்கள். தங்கள் போனுக்கு ஓடிபி வரும், அதை வாங்கிச் சொன்னால் போதும் என்றது காளீஸ்வரி. நான் என்னிடம் இருந்த தங்கள் நம்பரைக் கொடுத்தேன். அதற்கு ஓடிபியும் போனது. நானும் மூன்று வருட ரோஷத்தை விழுங்கிக்கொண்டு போன் போட்டேன். "மச்சான், தனுஷ்கோடி பேசுதேன், இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் சாத்தூர் சேவுக்கடைக்காரர் ஒருத்தர். தாங்கள் நம்பர் மாற்றியது எனக்கு எப்படித் தெரியும்? "ஏலே, நேத்து ஒருத்தன் பேங்கு மேனேஜர்னு சொல்லிக் கேட்டான், இன்னைக்கு நீ மச்சானா? எனக்கு ஒரே ஒரு தங்கச்சிதான், அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்று ஆரம்பித்தார். நான் விவசாயி என்றேன். "விவசாயி எவன்டா ஓடிபி கேக்கான்?" என்று போலீஸ் நம்பரை எனக்கே படித்துக் காட்டிவிட்டு வைத்துவிட்டார். காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டது. திரும்பி வந்து, "ஓடிபி வேண்டாம் ஐயா, உங்க மச்சான நேருல வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றது. அழகிடம் புது நம்பர் இருக்கும்தான். அவளிடம் கேட்டால் நான் இறங்கிவிட்டேன் என்று ஆகும். அதனால்தான் கடிதம்.

மச்சான், இனி எழுதுவது விளையாட்டில்லை. நீங்க வராம இருந்தாலே போதும், ஜெயிச்சிருவீக. பத்து நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் காடு பிளாட்டாகிவிடும். அது எனக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருசம் பஞ்சைப் பார்த்தேன், ஒரு நாளும் பருத்திச் செடியைப் பார்த்ததில்லை. ரிட்டயர்டு ஆன மறுநாளிலிருந்து வீட்டில் நான் உட்காருகிற இடமெல்லாம் கூட்ட வேண்டிய இடமாகவே இருக்கிறது. காலைத் தூக்கு என்கிறாள் அழகு, தூக்குகிறேன். அந்தக் காட்டுக்குப் போனால் மட்டும் யாரும் காலைத் தூக்கச் சொல்லுவதில்லை. கருவையைப் பிடுங்கி முடித்த அன்று வெறும் காட்டில் நின்று பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. அது போச்சுன்னா காலையில் எழுந்து போவதற்கு எனக்கு ஒரு இடம் கிடையாது. உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு, இல்லன்னு சொல்லல. பிடிவாதக்காரர், கல்நெஞ்சர், தங்கச்சி பங்கில் கண்வைத்தவர் என்றெல்லாம் பல இடங்களில் பேசியிருக்கிறேன், அவை தங்கள் காதுக்கும் வந்திருக்கும். அவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை எப்படியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் பெருமாளைச் சேவிக்க வருவீர்கள். திங்கட்கிழமை வரை நம் வீட்டில் தங்கி, ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். போட மாட்டேன் என்றால் அதையாவது எழுதி அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். கௌதம்ராஜுக்கும் மருமகளுக்கும் பெருமாள் கிருபையால் சகல பாக்கியமும் உண்டாகட்டும். தங்கள் முழங்காலுக்கு அழகு எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள், எதற்கு இப்போது காய்ச்சினாள் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்,
ச. தனுஷ்கோடி, விவசாயி.

பி.கு.: மேலே உள்ளதை நாலு நாளாக எழுதி, நல்ல எழுத்தில் படியெடுத்து, தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது காளீஸ்வரி போன் பண்ணியது. "உங்க மச்சான் முந்தாநாளே பஸ்ஸேறி வந்து கையெழுத்துப் போட்டுட்டாரே, விதைய வந்து எடுத்துக்கலையா?" என்றது. அழகுதான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். நீங்கள் மறுபேச்சு பேசாமல் சரியென்று சொல்லியிருக்கிறீர்கள். இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொல்லியிருந்தா லெட்டர நிப்பாட்டியிருப்பீக. நாலு நாளா வீடு எம்புட்டு அமைதியாக் கெடந்துச்சு" என்கிறாள். ஆகவே மேலே கண்ட கோபதாபங்கள் அனைத்தையும் எழுதாததாகப் பாவிக்கவும். படியெடுத்த கஷ்டத்துக்காகத்தான் கிழிக்காமல் அனுப்புகிறேன். விதைப் பை வீட்டுக்கு வந்துவிட்டது. வானமும் இருட்டிக்கொண்டு வருகிறது. பையை நடுவீட்டில் வைத்துவிட்டு ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எவரிடமும் சொல்லாததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அழகிடம் சொல்ல வேண்டாம். எனக்கு விதைக்கத் தெரியாது மச்சான். மழைக்கு முன்னாடி வந்துருங்க.