ராசம்மாள் வயலில் ஒரு சின்ன ஜெபம்

நீண்ட ஜெபக்காரர்களை நம்பலாம். "இன்னைக்குக் கொஞ்சம் நேரமாகும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். நாமும் உட்கார இடம் பார்த்துக்கொள்ளலாம். ஆபத்தான பிறவி சின்ன ஜெபக்காரர்தான். புது பைக்கா, பெண் பார்க்கும் படலமா, ரிப்பேராகித் திரும்பிய மிக்ஸியா, எங்கே நாலு பேர் அவசரத்தில் பறக்கிறார்களோ அங்கே வந்து நின்று, கையை உயர்த்தி, கண்ணை மூடி, "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிச்சிரலாமே" என்பார். வேண்டாம் என்று எந்தக் கிறிஸ்தவர் சொல்லுவார்? சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தலைகாட்ட முடியுமா?

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு சபையில் மூப்பராக இருக்கும் சற்குணம் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். புரட்டாசியில் ஒரு காலை அவர் ராசம்மாளின் வயலுக்கு வந்து சேர்ந்தார். ராசம்மாளுக்கு இருப்பதே மூன்று மா நிலம், ஒரு ஏக்கர்தான். குறுவை நெல் முற்றித் தலை சாய்ந்திருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் கதிரெல்லாம் தண்ணீரில் படுத்து முளைத்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண். நாலு நாள் கெஞ்சி, அன்றைக்குத்தான் அறுவடை மெஷின் கிடைத்திருந்தது.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தப் படுதாவ ஒரு பக்கம் புடிங்க, டிராக்டர்ல விரிச்சிரலாம்."

"முதல்ல ஒரு சின்ன ஜெபம், சகோதரி" என்ற சற்குணம், விளைந்த கதிரை மிதித்துக்கொண்டே போய் வயலின் நட்டநடுவில் நின்று கண்ணை மூடினார்.

உலகம் உண்டானதில் ஆரம்பித்தார். நோவா காலத்து வெள்ளத்துக்கு வந்தபோது ராசம்மாள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். ஆண்டவர் தவறிப்போய்ப் பக்கத்து வயலை ஆசீர்வதித்துவிடக் கூடாதே என்று சர்வே நம்பரை உட்பிரிவோடு ஒப்பித்தார். அப்படியே தம் மகள் எழுதிய பேங்க் பரீட்சையின் பதிவு எண்ணையும் சொல்லிவைத்தார்.

முதல் துளி கன்னத்தில் விழுந்தது. முடித்துவைத்துவிடலாம் என்று ராசம்மாள் பலமாக, "ஆமென்!" என்றாள்.

அவ்வளவுதான். தம் ஜெபம் ஒரு ஆத்துமாவை அசைத்துவிட்டது என்று மூப்பருக்குப் புது வேகம் பிறந்துவிட்டது. ஆனால் மெஷினில் உட்கார்ந்திருந்த முகம்மது யூசுப்புக்கு அது வேறுவிதமாகப் பட்டது.

"ஆமீன் சொல்லியாச்சுல்ல அக்கா? எடுக்கவா?"

"எடு தம்பி!"

மெஷின் உறுமியது. பரலோகமே பதில் சொல்கிறது என்று சற்குணம் குரலை இன்னும் உயர்த்தினார். மெஷின் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு ஓடுகிறோமே என்று ராசம்மாளுக்கு உறுத்தியது; பாவம், பயந்தேவிட்டாள். "ஆண்டவரே, இன்னும் அரை மணி நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுதாவைத் தனியாளாக இழுத்து விரித்தாள். நெல் டிராக்டருக்கு மாறியது. கடைசிக் கயிற்றை அவள் முடிச்சுப்போட்ட பிறகுதான் மழை கொட்டியது.

நனைந்த பிறகே சற்குணம் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் மொட்டை வயல். ஒரு கட்டில் அகலத்துக்கு நின்ற நெல்லில் அவர்.

"பாத்தீங்களா சகோதரி! ஜெபம் முடியறதுக்குள்ள அறுவடையே முடிஞ்சிருச்சு! ஞாயித்துக்கிழமை சபையில இத சாட்சியா சொல்லணும்."

"சொல்றேன்ண்ணே" என்று ராசம்மாள் அரிவாளை நீட்டினாள். "நீங்க நிக்கிற எடத்த மட்டும் அறுத்துக் குடுத்துட்டுப் போங்க."

"அறுத்துரலாம், அதுக்கென்ன" என்றவர், அரிவாளை வாங்கி, அதன்மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார்.

இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும், அதனால்தானே சிரிக்கிறீர்கள்? போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர், "கூட இருக்க ஆள் இல்லைங்க, கொஞ்சம் வர முடியுமா?" என்று கேட்டபோது, "கண்டிப்பா ஜெபத்துல வச்சுக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தது யார்?