ஆடு உதறட்டும், ஆரம்பிக்கலாம்

சோம்பேறியைப் பார்த்திருப்பீர்கள். பயந்தாங்கொள்ளியையும் பார்த்திருப்பீர்கள். இங்கே சொல்லப்போவது இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம். இதற்கு ‘ஆரம்பிக்கப் போகிறவர்’ என்று பெயர். சோம்பேறி படுத்துக்கிடப்பான். பயந்தவன் ஓடிப்போவான். இவரோ விடிந்ததும் எழுந்து, தலையில் துண்டைக் கட்டி, அரிவாளைக் கையில் பிடித்து, கொல்லை வரப்பில் கம்பீரமாக நிற்பார். நின்றுகொண்டே இருப்பார்.

எந்த ஊரிலும் இவர் உண்டு. ஆனால் சர்வ லட்சணமும் பொருந்திய ஒருவர், யுத்தம் நடந்த காலத்தில், மாரண்டஹள்ளிக்கு மேற்கே இருந்தார். பெயர் பச்சியப்பன். குணம் அப்பன்வழி வந்தது. அவருடைய அப்பா பெண் பார்த்துவிட்டு வந்து, சம்மதம் சொல்ல நல்ல சகுனம் வரட்டும் என்று காத்திருந்ததில், பார்த்த பெண் ராயக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். பிறகு அவளுடைய தங்கையைக் கட்டிக்கொண்டார். அந்தத் தங்கையின் வயிற்றில் பிறந்தவர் பச்சியப்பன். ஆக, அவர் இந்த உலகத்துக்கு வந்ததே ஒரு தாமதத்தின் புண்ணியத்தில்தான்.

வேலை செய்வதைப் பற்றிப் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது. பக்கத்துக் கொல்லைக்காரன் ஏரைப் பூட்டினால் போதும், வரப்பில் வந்து நின்றுகொள்வார். “வேலையைத் தொடுறதுக்கு முன்னால மனசைத் தொடணும்டா. மனசு ஒரு எடத்துல நிக்கணும். நெஞ்சுல தைரியம் வேணும். அப்புறந்தான் கை!” என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் நாலு சால் ஓட்டியிருப்பான். அவருடைய அரிவாளைப் பார்க்க வேண்டுமே! தீட்டித் தீட்டி மூன்றாம் பிறை மாதிரி மெலிந்து போயிருக்கும். வெட்டித் தேய்ந்ததா? இல்லை. தீட்டியே தேய்ந்தது.

அந்த வருஷம் கார்த்திகையில் அவர் கொல்லையில் ராகி முற்றித் தலை கவிழ்ந்து நின்றது. கடையில் தானியம் கிடைக்காத வருஷம். வீட்டில் ஐந்து வாய்க்கு அடுத்த கார்த்திகை வரைக்கும் களி என்றால் அந்தக் கொல்லைதான். மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துப் போகும். ஊரெல்லாம் அறுத்துப் போர் போட்டாகிவிட்டது. பச்சியப்பன் ஒருநாள் பூனைக்காகத் திரும்பினார், ஒருநாள் பல்லிக்காக. ஒருநாள் எந்தக் குறுக்கீடுமே இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. திரும்பிவிட்டார்.

உள்ளே இருந்த சங்கதி வேறு. அறுக்காத கொல்லையில் எவ்வளவு வேண்டுமானாலும் விளைந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். அறுத்துவிட்டால் இருப்பதுதானே இருக்கும்? அந்த இருப்பதைப் பார்க்கத்தான் அவருக்கு நெஞ்சு வரவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொன்னதில்லை.

சம்சாரம் ராமக்காள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் தம்பி சென்றாயனையும், தாய்வீட்டுப் பெண்கள் நாலு பேரையும் அறுப்புக்கு வரவழைத்துவிட்டாள். பச்சியப்பன் அசரவில்லை. “முனியப்பனுக்குக் கெடா வெட்டாம அரிவா வைக்கலாமா?” என்று ஒரு கிடாயைக் கொல்லை ஓரத்துப் புங்கமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார். மஞ்சள் தண்ணீரை ஆட்டின்மேல் ஊற்றினால் அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம்.

ஊற்றினார். ஆடு நின்றது. மறுபடி ஊற்றினார். ஆடு அசை போட்டது.

“சாமி சம்மதிக்கல” என்றார் பச்சியப்பன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“ஏங்க, மேகம் தலைக்கு மேல வந்து நிக்குது. உங்க சாமி ஆட்டுகிட்டதான் பேசுமா? மேகத்துகிட்ட பேசாதா?” என்றாள் ராமக்காள்.

“பொம்பளைக்கு இன்னா தெரியும்? மனசு நிக்கணும்டி.”

“ஆடே நிக்குதுங்க மாமா, மனசுக்கென்ன கேடு?” என்றான் சென்றாயன்.

பச்சியப்பன் இன்னொரு குடம் எடுக்கத் திரும்பினார். கயிறு தளர்ந்தது. ஆடு நேரே கொல்லைக்குள் இறங்கி, நல்ல கனத்த கதிராகப் பார்த்து ஒரு வாய் கடித்தது.

ராமக்காள் சேலையை இழுத்துச் செருகினாள். “மொதல் கதிரைச் சாமி ஆடே அறுத்தாச்சு. ரெண்டாவது நானு. எறங்குங்கடி!”

பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். “மனசை நிறுத்தாம அறுத்தா கை போயிரும்!” என்று வரப்பிலிருந்து கத்தினார் பச்சியப்பன்.

“மனசு அங்கயே நிக்கட்டும் மாமா, நீங்க மட்டும் வாங்க! மேல்மூலை உங்களுக்குத்தான்” என்றான் சென்றாயன் குனிந்தபடியே.

அவர் போகவில்லை. ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது அல்லவா? பொழுது சாய்வதற்குள் கதிரெல்லாம் கட்டாகி, கட்டெல்லாம் போராகி, போருக்கு மேல் ஓலையும் ஏறிவிட்டது. மேல்மூலை மட்டும் அப்படியே நின்றது. கடைசி ஓலையைச் சொருகும்போது கொட்டியது பாருங்கள் மழை! எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். மரத்தடியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றது பச்சியப்பன்தான். ஆடு தொப்பலாக நனைந்தது. காதிலிருந்து வால்வரைக்கும் சிலிர்த்து ஓர் உதறு உதறியது.

சேறு தெறிக்க ஓடி வந்தார். “ராமக்கா! உதறிருச்சு! உத்தரவு கெடச்சிருச்சு!”

அடுப்பிலிருந்து அவள் தலையைத் திருப்பவில்லை. “ரொம்ப சந்தோசங்க. நாளைக்கு மேல்மூலைய அறுத்துருங்க.”

“நாளைக்குச் செவ்வாக்கிழமை ஆச்சே...”

மேல்மூலை கதிரிலேயே பச்சையாக முளைத்தது. அதனாலென்ன? ‘ஆடு உதறினதாலதான் மகசூல் வூடு வந்து சேந்தது’ என்று அவர் பாலக்கோட்டுச் சந்தை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஆட்டை வெட்ட நல்ல நாள் கடைசிவரை அமையவில்லை. பல் விழுந்து, கிழடாகித்தான் செத்தது.

நம்மிடம் ஏது ஆடு என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆடு பல உருவத்தில் வருமய்யா! வெற்றிலை போட்டு முடியட்டும், வெயில் தாழட்டும், தலைவலி விடட்டும், இதைப் படித்து முடியட்டும் என்றெல்லாம் அதுதான் வந்து நிற்கும். படித்தும் முடித்துவிட்டீர்கள். இன்னும் எழுந்திருக்கவில்லையே? கொஞ்சம் குனிந்து பாருங்கள், கையில் கயிறு ஏதாவது இருக்கிறதா என்று.