இரண்டாம் பாகம் யாரிடம்?

பெண்கள் நாவல் படிப்பது அழுவதற்காக என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. படித்தவர்களே நம்புகிறார்கள். அது முற்றிலும் தவறு என்பதை உரிய பொறுப்போடு இங்கே பதிவு செய்கிறேன். அழுவதற்கு வெங்காயம் இருக்கிறது. எங்கள் சோலோ நகரத்துச் சின்ன வெங்காயத்தின் காரம் எந்த நாவலுக்கும் வராது.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு அலமாரி செலவானது.

அலமாரி முன்னறையில் இருந்தது. தேக்கு. கண்ணாடிக் கதவு. உள்ளே இலக்கண நூல்கள், அகராதிகள், தடித்த வரலாற்றுத் தொகுதிகள். பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அலமாரியைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் என்னை. அந்த வரிசை மாறக் கூடாது என்பது என் கொள்கை.

என் மனைவி முர்தினியின் நாவல்கள் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஓர் அட்டைப் பெட்டியில் வசித்தன. எங்கள் சந்துப் பெண்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி அரிசான் என்ற குலுக்கல் சீட்டு நடத்துவார்கள். பெயர்ச்சீட்டுகளைச் சுருட்டிக் கண்ணாடித் தம்ளரில் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி, அதில் ஒரு துளை போட்டுக் குலுக்குவார்கள். யார் சீட்டு வெளியே குதிக்கிறதோ அவருக்குப் பரிசு. மற்ற சந்துகளில் பரிசு பணம். எங்கள் சந்தில் நாவல்.

"என்னங்க, அந்த அலமாரியைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுங்களேன்" என்றாள் முர்தினி ஒரு நாள். "நாவலையெல்லாம் அதுல அடுக்கினா சந்துல எல்லாரும் வந்து எடுத்துட்டுப் போவாங்க. இங்க பாருங்க, அரிசிப் பூச்சி புத்தகத்துலயும் ஏறிடுச்சு."

"பாவம், அதுக்கு வேற நல்ல புத்தகம் கிடைக்கல."

"உங்க புத்தகத்தை அது எட்டிக்கூடப் பார்க்கலியே."

"அதுக்குப் பேரு மரியாதை."

"சரி, மரியாதைன்னே வெச்சுக்குவோம். நீங்க கடைசியா அந்தக் கதவைத் திறந்தது எப்போ?"

நான் சட்டைப் பையைத் தடவினேன். சாவி எங்கே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றே ஒரு சபதம் எடுத்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த நாவல்களில் ஒன்றுமே இல்லை என்று நிரூபிப்பேன். பிறகு ஒருவரும் அலமாரிப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

"தாராளமா நிரூபிங்க" என்றாள் முர்தினி. "படிச்சுட்டு நிரூபிங்க."

சில நாள் கழித்து ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். பழுப்புத் தாள் அட்டை. அதன்மேல் அவள் கையெழுத்தில் 'முதல் பாகம்'.

நல்ல மழைப் பிற்பகல். மல்லிகைத் தேநீர், ஒரு தட்டு டெம்பே என்ற வறுத்த சோயாத் துண்டுகள், கூராகச் சீவிய சிவப்புப் பென்சில். முதல் பக்கத்திலேயே மூன்று பிழைகள். உற்சாகமாக இருந்தது.

சுமினார் என்ற பெண்ணின் கதை அது. அவள் கணவன் கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை. சாப்பிடும்போது தலை நிமிர்வதில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் அவள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைக்கிறாள். சாப்பிட்டுவிட்டுப் போகிறான். மறுநாள் உப்புக்குப் பதில் சர்க்கரை. அதையும் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அதற்கடுத்த நாள் அவள் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போகிறாள்.

நான் தட்டைப் பார்த்தேன். டெம்பே தீர்ந்திருந்தது. அதில் உப்பு இருந்ததா? சத்தியமாக நினைவில்லை.

பென்சில் எங்கே போனது என்றும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் முர்தினி, கத்தரிக்காயும் கத்தியுமாக வந்து உட்கார்ந்து.

"பரவாயில்ல. ஆனா பெருசா என்ன நடக்குது இதுல? ஒரு போர் இல்ல, ஒரு ராஜ்ஜியம் கவிழல."

"கவுந்த ராஜ்ஜியத்துலயும் மறுநாள் காலைல யாரோ ஒருத்தி அடுப்பு பத்த வெச்சிருப்பால்ல? அவ என்ன நெனச்சான்னு உங்க தொகுதில எங்கயாவது போட்டிருக்கா?"

"அது வரலாறு, முர்தினி."

"இவ காய் நறுக்கிட்டே யோசிக்கிறா. உங்க புத்தகத்துல யோசிக்கிறவங்க ஒருத்தரும் காய் நறுக்க மாட்டேங்குறாங்க. எதிர் வீட்டு குஸ்தியா இதைப் படிச்சுட்டு என்ன சொன்னா தெரியுமா? 'அக்கா, எனக்கு மட்டும்தான் இப்படின்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்'னா. அப்புறம் பார்த்தா சந்து முழுக்க அதையேதான் சொல்லுது."

நான் புத்தகத்தை மறுபடி விரித்துக் கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

புத்தகத்தின் கடைசி வரிகள் இவை: 'பேருந்து அசைந்தது. அவள் சன்னல் வழியே குனிந்து பார்த்தாள். கீழே அவன் மூச்சிரைக்க நின்றிருந்தான். அவன் கையில்'

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை. வேறு புத்தகமாக இருந்தால் சிவப்பில் வட்டமிட்டிருப்பேன். இதிலோ எனக்குச் சிலிர்த்துவிட்டது. வாசகனை வாக்கியத்தின் நடுவே அந்தரத்தில் விட என்ன துணிச்சல் வேண்டும்! உலகத் தரமான உத்தி என்று முர்தினிக்கே விளக்கினேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டாம் பாகம் யார்கிட்ட இருக்கு?"

"சந்துல எல்லாரும் படிச்சாச்சு. யாரு வெச்சுக்கிறதுன்னு இந்த மாசம் குலுக்கல். அதுவரைக்கும் யாருக்கும் கிடையாதுங்க."

எதிர் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் அழைப்போம்.

"இபு குஸ்தியா, அவன் கையில என்ன இருந்தது?"

"எவன் கையில, பாக் விர்யா?"

"பேருந்துக்குக் கீழ நின்னானே, அவன்."

"ஐயையோ! அதைச் சொன்னா அக்கா என்னைக் கூட்டத்தை விட்டே தூக்கிருவாங்க." என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். பூ இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டார். பூ இல்லையென்றால் வேறு என்ன? மீதி நாளெல்லாம் எனக்கு வேறு சிந்தனையே ஓடவில்லை.

கூட்டம் இபு குஸ்தியா வீட்டில் நடந்தது. நிரூபிக்க வந்தவன், சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன்.

"ஆம்பளைங்களைச் சேர்க்கிற வழக்கம் இல்லியே" என்றார் இபு குஸ்தியா.

"கூடாதுன்னு விதி இருக்கா?"

"விதியெல்லாம் இல்ல. இதுவரைக்கும் யாரும் கேக்கல. ஆனா புதுசா சேர்றவங்க எல்லாருக்கும் பயன்படுற மாதிரி ஒண்ணு குடுக்கணும். நான் அந்தப் பெரிய தேநீர்ப் பானையைக் குடுத்தேன்."

முர்தினி என்னைப் பார்த்தாள்.

"அலமாரி" என்றேன்.

கைதட்டினார்கள். சாவி முர்தினியின் பையில்தான் இருந்தது.

என் பெயரையும் எழுதிப் போட்டுத் தம்ளரைக் குலுக்கினார்கள். குதித்தது என் சீட்டு. இரண்டாம் பாகத்தை வாங்கி அங்கேயே பிரித்தேன். முதல் வரி: 'அவளுடைய மூக்குக்கண்ணாடி இருந்தது.'

கண்ணாடி! அவள் அதை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அவன் அதைக் கவனித்திருக்கிறான். மேலே படித்தேன். இரண்டு மூன்று பக்கம் போன பிறகுதான் உறைத்தது. இதற்குத் தலைப்புப் பக்கம் இல்லை. பக்க எண் இருநூற்றுப் பதின்மூன்றில் தொடங்குகிறது. பசை வாடை இன்னும் போகவில்லை.

"முர்தினி, இது ஒரே புத்தகம்."

"ஆமாங்க."

"நடுவுல வெட்டி ரெண்டாக் கட்டியிருக்கு."

"சந்தைக்குப் பின்னால ஒரு பைண்டர் இருக்காரு. நல்லாப் பண்ணுவாரு. ஏங்க, காலம் பூரா பிழை திருத்தினவரு நீங்க. வாக்கியம் பாதியில நிக்குதேன்னு தோணலியா?"

"கதைக்குள்ள இருந்துட்டேன்."

"அதுக்குத்தாங்க நாங்களும் படிக்கிறோம்."

அகராதிகள் இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கின்றன.

அன்று சாப்பிடும்போது தலை நிமிர்ந்து, குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னேன். மறுநாளிலிருந்து குழம்பு வைப்பது நான்.